நைலான் தந்தி வாங்கும் முன்: கிட்டாருக்கும் கைக்கும் பொருந்தும் தந்தியைத் தேர்வது எப்படி?

கிட்டாருக்கு நைலான் தந்தி வாங்கச் செல்பவர் கடையில் முதலில் கேட்பது, எந்த நிறுவனத்தின் தந்தி நல்லது என்பதைத்தான். தேர்வின் வரிசையில் அது கடைசியில் வரவேண்டிய கேள்வி. கிட்டார் நைலானுக்காகக் கட்டப்பட்டதுதானா, அதில் தந்தி ஒலிக்கும் நீளம் எவ்வளவு, எந்த இழுவிசை உங்கள் இரு கைகளுக்கும் ஒத்துவரும், மூன்றாம் தந்தி எந்தப் பொருளால் ஆனதாக இருக்க வேண்டும் ஆகிய நான்குக்கும் விடை தெரிந்துவிட்டால் நிறுவனத்தின் பெயர் ஏறத்தாழத் தானாகவே முடிவாகிவிடும். அவை தெரியாதவரை விலை உயர்ந்த உறைகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

முதலில் கிட்டாரைப் பாருங்கள்

அகூஸ்டிக் கிட்டார் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு கருவிகள் விற்கப்படுகின்றன. நைலான் தந்திக்கான கிளாசிக்கல் கிட்டாரில், தந்தியை மேற்பலகையுடன் பிணைக்கும் கட்டையான பிரிட்ஜில் உள்ள துளைகள் வழியாகத் தந்தி நுழைந்து, திரும்பி வந்து தன்னைத்தானே சுற்றி முடிச்சாக நிற்கும். ஸ்டீல் தந்திக்கான கிட்டாரில் தந்தியின் முனையில் ஒரு சிறு உலோக உருண்டை இருக்கும். அதைப் பிரிட்ஜின் துளைக்குள் விட்டு மேலே ஒரு பின்னைச் செருகியிருப்பார்கள். கழுத்தின் தலைப்பகுதியில் இரு நீண்ட பிளவுகளும் அவற்றுக்குள் தடித்த உருளைகளும் இருந்தால் அது பெரும்பாலும் கிளாசிக்கல் கிட்டார். அளவுகோலை எடுத்து, தலைப்பகுதி தொடங்கும் இடத்தில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டையான நட்டின் அகலத்தை அளந்தால் ஐயம் தீர்ந்துவிடும். கிளாசிக்கல் கிட்டாரில் அது சுமார் 52 மி.மீ. இருக்கும், ஸ்டீல் தந்திக் கிட்டாரில் சுமார் 43 அல்லது 44 மி.மீ. இருக்கும்.

வெளித்தோற்றத்தைவிட உள்ளே இருக்கும் வேறுபாடு பெரிது. 012 முதல் 053 வரையிலான (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில் தந்திகளின் தடிமன்) வழக்கமான ஸ்டீல் தந்தித் தொகுப்பு கிட்டாரை 70 கிலோவுக்கு மேற்பட்ட விசையுடன் இழுக்கிறது. நைலான் தொகுப்பின் மொத்த இழுவிசை 40 கிலோவை ஒட்டியே இருக்கும். அந்தக் குறைந்த விசையிலேயே மேற்பலகை அசைந்து ஒலிக்க வேண்டும் என்பதற்காகக் கிளாசிக்கல் கிட்டாரின் பலகை மெல்லியதாக இழைக்கப்பட்டு, அடியில் விசிறி வடிவில் மெல்லிய மரச்சட்டங்கள் ஒட்டப்படுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரெஸ் செம்மைப்படுத்திய அமைப்பு அது. ஆகவே கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்டீல் தந்தியை எந்த நிலையிலும் பூட்டக் கூடாது. முதல் நாள் ஒலி கணீரென்று இருப்பதைக் கேட்டு மகிழலாம். நாளடைவில் பிரிட்ஜ் பெயரும், பலகை வயிறு தள்ளும், கழுத்து வளையும். கடைக்காரர் பரவாயில்லை என்று சொன்னாலும் கேட்காதீர்கள்.

இதற்கு எதிரான முயற்சி, அதாவது ஸ்டீல் தந்திக் கிட்டாரில் நைலான் பூட்டுவது, கருவியை உடைக்காது, ஆனால் பெரிதாகப் பயனும் தராது. கனமான பலகையை அசைக்க நைலானின் விசை போதாததால் ஒலி அமுங்கிப் போகும். நைலான் முதல் தந்தியின் தடிமன் சுமார் 0.71 மி.மீ.; அந்தக் கிட்டாரின் நட்டில் உள்ள பள்ளமோ 0.30 மி.மீ. கம்பிக்காக வெட்டப்பட்டது, எனவே தந்தி பள்ளத்துக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும். இழுவிசை ஏறத்தாழப் பாதியாகக் குறைவதால் கழுத்து பின்பக்கம் சாய்ந்து, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளில் முதல் சிலவற்றின் மேல் தந்தி உரசி இரைவதும் உண்டு. இத்தனைக்கும் பிறகு முயன்று பார்க்க வேண்டுமானால், முனையில் உருண்டை வைத்த நைலான் தொகுப்புகள் கிடைக்கின்றன. எர்னி பால் நிறுவனத்தின் எர்னெஸ்தோ பாலா, டடாரியோ நிறுவனத்தின் நாட்டுப்புற வரிசை ஆகியவை அவ்வகை. விரல் நுனி வலிக்கிறது என்பதற்காக மட்டும் நைலானுக்கு மாற எண்ணுபவர், 010இல் தொடங்கும் மெல்லிய ஸ்டீல் தொகுப்பையோ, பட்டிழையும் ஸ்டீலும் கலந்த சில்க் அண்ட் ஸ்டீல் தொகுப்பையோ பூட்டிப் பார்ப்பதே அறிவுடைமை. அதிலும் வலி தீரவில்லையென்றால் ஒரு சாதாரணக் கிளாசிக்கல் கிட்டாரையே வாங்கிவிடலாம்.

உறைக்குள் இருப்பது என்ன?

ஒரு தொகுப்பில் ஆறு தந்திகள் இருக்கும். மேல்சுருதித் தந்திகளான முதல் மூன்றும் ஒற்றை இழையாக இழுக்கப்பட்ட வெற்று நைலான். கீழ்சுருதித் தந்திகளான நான்கு, ஐந்து, ஆறு ஆகியவற்றின் நடுவில் நூற்றுக்கணக்கான மெல்லிய நைலான் இழைகள் கற்றையாக இருக்கும். அவற்றின் மேல் மிக நுண்ணிய உலோகக் கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். எனவே ஒரே உறையில் இரு வேறு தொழில்நுட்பங்களை வாங்குகிறோம். மேல் மூன்றுக்கும் கீழ் மூன்றுக்கும் தனித்தனியாகத் தேர்வு செய்யலாம் என்பதும், அவற்றைத் தனித்தனிக் காலங்களில் மாற்றலாம் என்பதும் இதிலிருந்தே வருகின்றன.

நைலானுக்கு முன் மேல் தந்திகள் ஆட்டுக்குடலிலிருந்தும், கீழ்த் தந்திகள் பட்டிழையின் மேல் உலோகம் சுற்றியும் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் குடல் நரம்பு அறுவை சிகிச்சைத் தையலுக்குத் திருப்பிவிடப்பட்டதால் கிட்டார் கலைஞர்கள் தந்திக்குத் தவித்தார்கள். 1930களில் டூபாண்ட் நிறுவனம் உருவாக்கிய நைலானை நியூயார்க்கின் கிட்டார் வினைஞர் ஆல்பர்ட் அகஸ்டின் தந்தியாக்கினார். ஸ்பானியக் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியாவின் ஊக்கத்தால் 1940களின் பிற்பகுதியில் அது சந்தைக்கு வந்தது. பஞ்சத்துக்கு மாற்றாக வந்த பொருள் நிலையாகவே தங்கிவிட்டதற்குக் காரணம், குடல் நரம்பைவிட அது சுருதியில் நின்றதும், எளிதில் அறுந்துபோகாததும்தான்.

இழுவிசை: உறையின் முன்பக்கத்தை நம்ப வேண்டாம்

உறையில் நார்மல், ஹார்டு, எக்ஸ்ட்ரா ஹார்டு என்று அச்சிட்டிருப்பார்கள். சில நிறுவனங்கள் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நிறத்தால் குறிப்பார்கள். இச்சொற்களுக்கும் நிறங்களுக்கும் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவு எதுவும் கிடையாது. ஒருவரின் நார்மல் இன்னொருவரின் ஹார்டாக இருக்கலாம். உறையின் பின்பக்கத்திலோ நிறுவனத்தின் தளத்திலோ ஒவ்வொரு தந்திக்கும் எதிரே கிலோ அல்லது பவுண்டில் ஓர் எண் இருக்கும். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

தந்தியின் ஒலிக்கும் நீளமும் சுருதியும் முடிவாகிவிட்டால், இழுவிசையைத் தீர்மானிப்பது அந்தத் தந்தியின் எடை ஒன்றுதான். எனவே ஹார்டு டென்ஷன் என்பது வேறு வகைப் பொருள் அன்று. அதே நைலான் சற்றுத் தடிமனாக இழுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. டடாரியோவின் புரோ ஆர்ட்டே வரிசையில் நார்மல் தொகுப்பான இஜே45இன் முதல் தந்தி 0.0280 அங்குலம், ஹார்டு தொகுப்பான இஜே46இன் முதல் தந்தி 0.0285 அங்குலம். கணக்கிட்டால் இழுவிசையில் இந்த வேறுபாடு 3 முதல் 4 விழுக்காடுதான். விளம்பரச் சொற்கள் எழுப்பும் எதிர்பார்ப்புக்கு இது மிகச் சிறியது. ஆயினும் பழகிய கை அதை உணரும்.

உங்களுக்கு ஹார்டு தேவையா என்பதைப் பணம் செலவழிக்காமலே சோதித்துவிடலாம். இழுவிசை சுருதியின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், இப்போது பூட்டியிருக்கும் நார்மல் தந்தியை 30 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவாக, உயர்த்திச் சுருதி சேர்த்தால் இழுவிசை ஏறத்தாழ ஹார்டு தந்தியின் அளவுக்கு வந்துவிடும். பெரும்பாலான ட்யூனர் செயலிகளில் அடிப்படைச் சுருதியை 440 ஹெர்ட்ஸிலிருந்து மாற்ற முடியும். அதை 447 என்று வைத்து ஆறு தந்திகளையும் சேர்த்துவிட்டு இரண்டு மூன்று நாட்கள் வாசியுங்கள். வலக்கை விரலுக்கு எதிர்ப்பு கூடியிருப்பது பிடித்திருக்கிறதா, ஒரே விரலால் பல தந்திகளைக் குறுக்கே அழுத்தும் பார் பிடிக்கும்போது இடக்கை சோர்கிறதா என்பதைக் கவனியுங்கள். பின்னர் 433க்கு இறக்கி அதே பாடங்களை வாசித்தால் லைட் டென்ஷன் எப்படி இருக்கும் என்பது கைக்குத் தெரிந்துவிடும். தந்தியின் தடிமன் மாறாததால் ஒலியின் நிறத்தை இச்சோதனை சரியாகக் காட்டாது. கைக்கான விடையை மட்டும் தெளிவாகத் தரும். பலருக்கு வேண்டியது அந்த விடைதான்.

நீளத்தின் பங்கு இதைவிடப் பெரிது. வழக்கமான முழு அளவுக் கிட்டாரில் நட்டிலிருந்து, பிரிட்ஜின் மேல் தந்திகளைத் தாங்கும் பட்டையான சாடில் வரை 650 மி.மீ. தொகுப்பின் உறையில் தரப்படும் கிலோக் கணக்கும் பொதுவாக அந்த நீளத்துக்கே உரியது. இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். மூன்றாம் ஹொசே ராமிரெஸ் மத்ரீத்தில் 1960களில் பரப்பிய 664 மி.மீ. கிட்டாரில் நார்மல் தந்தி பூட்டினாலே 4 விழுக்காடு கூடி, ஹார்டு தந்தியின் விறைப்பு வந்துவிடும். மாறாக, எட்டு ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கு வாங்கப்படும் 580 மி.மீ. முக்கால் அளவுக் கிட்டாரில் அதே நார்மல் தந்தி 20 விழுக்காடு தளர்ந்து நிற்கும், 535 மி.மீ. அரை அளவில் 30 விழுக்காட்டுக்கும் மேல் தளர்ந்துவிடும். குழந்தையின் கிட்டார் இரைகிறது, சுருதியில் நிற்பதில்லை என்று பெற்றோர் சொல்லும்போது, குறை பெரும்பாலும் கருவியில் இல்லை, பெரியவர்களின் தந்தியை அதில் பூட்டியதில்தான் இருக்கிறது. சிறிய கிட்டாருக்கென்றே தடிமன் கூட்டிச் செய்யப்பட்ட தொகுப்புகள் உண்டு. அவை கிடைக்காதபோது எக்ஸ்ட்ரா ஹார்டு தொகுப்பைப் பூட்டலாம். குழந்தையின் விரல் நோகுமே என்று லைட் டென்ஷனைத் தேடுவது, இரக்கத்தால் செய்யப்படும் தவறான தேர்வு.

யமஹாவின் கிட்டாலேலே என்னும் ஆறு தந்திச் சிறு கிட்டார் இதற்கு ஒரு சுவையான விதிவிலக்கு. அதன் நீளம் 433 மி.மீ. மட்டுமே, ஆயினும் ஐந்து அரைச்சுரம் உயர்த்தி ஏ சுருதியில் சேர்க்கப்படுவதால், சாதாரணக் கிளாசிக்கல் தந்தியே அதில் முழு அளவுக் கிட்டாரின் இழுவிசையில் ஐந்தில் நான்கு பங்கு பெற்றுச் சரியாக நின்றுவிடுகிறது.

மூன்றாம் தந்தி என்னும் தொல்லை

மேல் தந்திகளின் பொருளைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் மூன்றாம் தந்தியைப் பற்றிய முடிவாகவே இருக்கும். ஆறு தந்திகளில் வெற்று நைலானாக மிகத் தடித்தது அதுவே, சுமார் 1.02 மி.மீ. அவ்வளவு தடித்த இழை விறைப்பாக இருப்பதால் அதன் மேற்சுரங்கள் சீக்கிரம் மங்கி, ஒலி மரத்தைத் தட்டியதுபோல் மந்தமாகிறது. ஃபிரெட்டில் அழுத்தும்போது மற்ற இரண்டையும்விட அதிகமாகச் சுருதி ஏறுகிறது. வெறும் தந்தியில் சுருதி சரியாக இருந்தும், ஐந்தாம் ஃபிரெட்டுக்கு மேலே கார்டு (பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் பிடி) பிடித்தால் அபசுரம் தட்டுவது உங்கள் கிட்டாரில் இருக்கிறதென்றால், முதலில் ஐயப்பட வேண்டியது இந்தத் தந்தியைத்தான்.

இதற்கு இன்று பரவலான தீர்வு கார்பன் என்று கடைகளில் அழைக்கப்படும் ஃபுளோரோகார்பன். கார்பன் ஃபைபருக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது மீன்பிடி நரம்பாகவும் பயன்படும் ஒரு பாலிமர். நைலானின் அடர்த்தி சுமார் 1.1 என்றால் இதன் அடர்த்தி சுமார் 1.78. எனவே அதே எடையை, அதாவது அதே இழுவிசையை, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிந்த தந்தியால் பெற முடிகிறது. சவாரெஸ் நிறுவனத்தின் அலையன்ஸ் மூன்றாம் தந்தி சுமார் 0.84 மி.மீ. மட்டுமே. மெலிந்ததால் விறைப்பு குறைகிறது, ஒலி தெளிகிறது, மேல் ஃபிரெட்டுகளில் சுருதி ஒழுங்காகிறது. கார்பன் ஈரத்தை ஏறத்தாழ உறிஞ்சுவதில்லை என்பது இன்னொரு நன்மை. நைலான் காற்றின் ஈரத்தை உள்வாங்கும். குளிரூட்டிய அறையில் சுருதி சேர்த்த கிட்டாரை மேடைக்கு எடுத்துவந்தால், சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற ஊர்களில் பத்து நிமிடத்திற்குள் சுருதி நகர்ந்துவிடுவதற்கு வெப்ப மாற்றத்தோடு இதுவும் ஒரு காரணம்.

இப்படியிருக்க, மூன்றையும் கார்பனாகவே வாங்கிவிடலாமே என்று தோன்றும். அதை எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். முதல் இரு தந்திகள் ஏற்கெனவே மெல்லியவை. அவற்றை மேலும் மெலிதாக்கினால் பல கிட்டார்களில் ஒலி கூர்மையாகி, நகத்தின் உரசல் முன்னால் வந்து நிற்கும். சதையில் அழுந்தும் பரப்பு குறைவதால் சில விரல்களுக்கு அது வெட்டுவதுபோலவும் இருக்கும். முதல் இரண்டும் நைலான், மூன்றாவது மட்டும் கார்பன் என்ற கலவையே பெரும்பாலான வாசிப்பவர்களுக்குப் பொருத்தமானது என்பது என் கணிப்பு. சவாரெஸின் கிரியேஷன் வரிசை இவ்வாறே அமைந்தது. வேறு நிறுவனத்தின் தொகுப்பைப் பயன்படுத்துபவர், ஒற்றையாக விற்கப்படும் கார்பன் மூன்றாம் தந்தியை வாங்கி மாற்றிக்கொண்டால் போதும். முழுத் தொகுப்பையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

மற்ற பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரெக்டிஃபைடு நைலான் என்பது, இழுத்த இழையை மேலும் தீட்டி, நீளம் முழுவதும் ஒரே தடிமனுக்குக் கொண்டுவந்தது. அதன் மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பாகவும் ஒலி மென்மையாகவும் இருக்கும். கண்ணாடிபோன்ற தெளிந்த நைலானின் கூர்மை பிடிக்காதவர்களுக்கு ஏற்றது. டைட்டானியம் என்று பெயரிட்ட மேல் தந்திகளில் உலோகம் இல்லை. அதுவும் ஒரு பாலிமர் இழையே, நைலானைவிடச் சற்றுப் பிரகாசமானது. இத்தாலியின் அக்விலா நிறுவனத்தின் வெண்ணிற நைல்கட், பழைய குடல் நரம்பின் அடர்த்தியைப் பின்பற்றிச் செய்யப்பட்டது. பரோக் காலத்து இசையை வாசிப்பவர்கள் அதை விரும்புகிறார்கள். கறுப்பு நைலான் பெரும்பாலும் நிறத்தாலும் பழக்கத்தாலும் வாங்கப்படுகிறது.

கீழ் மூன்று தந்திகள்

இங்கே தேர்வு இரண்டுதான்: மேலே சுற்றியிருக்கும் கம்பி வெள்ளி முலாம் பூசிய செம்பா, வெண்கலமா? முதலாவது நிறைந்த, ஆழமான ஒலியைத் தரும். கிளாசிக்கல் இசைக்கு வழக்கமாகப் பயன்படுவது அதுவே. 80/20 என்று குறிக்கப்படும் வெண்கலம் இன்னும் கணீரென்று, சற்று உலோகத் தன்மையுடன் ஒலிக்கும். பாட்டுக்குத் துணையாகக் கார்டு வாசிப்பவர்களுக்கு அது பிடிக்கக்கூடும். நைலான் கற்றைக்குப் பதிலாக வேறு செயற்கை இழைகளை நடுவில் வைத்துச் செய்யப்படும் கம்பாசிட் கீழ்த் தந்திகளில் ஒலி நெடுநேரம் நீளும், உரமும் கூடும். மெல்லிய கட்டமைப்பு கொண்ட கிட்டாரில் அவை மேல் தந்திகளை அமுக்கிவிடுவதுண்டு.

நம் கடலோரத் தட்பவெப்பத்தில் கீழ்த் தந்தியின் ஆயுள் வாசிப்பவரின் வியர்வையைப் பொறுத்தது. வெள்ளி முலாம் மிக மெல்லியது. ஃபிரெட் படும் இடங்களில் அது தேய்ந்து செம்பு தெரியத் தொடங்கியதும் ஒலி செத்துவிடும். வியர்வை மிகுந்த கையுடையவர், விலை உயர்ந்த கீழ்த் தந்தியை வாங்கி ஆறு மாதம் வைத்திருப்பதைவிட, நடுத்தர விலைத் தந்தியை அடிக்கடி மாற்றுவதே நல்லது. வாசிக்கும் முன் கையைக் கழுவித் துடைப்பதும், வாசித்த பின் உலர்ந்த பருத்தித் துணியால் தந்தியின் மேலும் கீழும் துடைப்பதும் எந்தச் சிறப்புப் பூச்சுக்கும் குறையாத பயன் தரும்.

இடக்கை நகரும்போது எழும் கிறீச்சொலி ஒலிப்பதிவு செய்பவர்களின் கவலை. சுற்றிய கம்பியின் மேல்விளிம்பைத் தீட்டிய பாலிஷ்டு கீழ்த் தந்திகள் அதைக் கணிசமாகக் குறைக்கும். ஒலியின் பளபளப்பும் கூடவே குறையும் என்பதால், வீட்டில் வாசிப்பவருக்கு அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். விரலைத் தந்தியிலிருந்து தூக்கி நகர்த்தப் பழகுவதே அதற்கான சரியான வழி.

எந்தக் கிட்டாருக்கு எது?

யமஹா சி40 போன்ற, ஒட்டுப்பலகை மேற்பரப்புடைய பயிற்சிக் கிட்டார்தான் நம்மில் பெரும்பாலோரின் முதல் கருவி. பலகை சற்றுக் கனமானதாகையால் அதற்கு உந்துதல் தேவை. மூன்றாம் தந்தியைக் கார்பனாக்குவதும், கை ஒத்துழைத்தால் ஹார்டு டென்ஷனுக்குப் போவதும் அதில் கேட்கும் அளவுக்கு மாற்றத்தைத் தரும். தொழிற்சாலையில் பூட்டி வந்த தந்தியை உடனே கழற்றி, ஒரு நல்ல சாதாரண நார்மல் தொகுப்பைப் பூட்டினாலே கருவி புதிதாகத் தோன்றக்கூடும். சிடார் மரத்தாலான மேற்பலகை இயல்பிலேயே கதகதப்பாக ஒலிப்பதால் கார்பனின் தெளிவைத் தாங்கும். பிரகாசமாக ஒலிக்கும் புதிய ஸ்புரூஸ் மரப் பலகைக்கு நைலானே இதம். கைவினைஞர் கட்டிய மெல்லிய பழைய கிட்டாரில் இழுவிசையைக் கூட்டினால் ஒலி பெருகும் என்று எண்ண வேண்டாம். சில கருவிகள் கூடுதல் இழுப்பில் திணறி, லைட் அல்லது நார்மல் தந்தியில்தான் மலர்ந்து ஒலிக்கின்றன.

தந்தி ஃபிரெட்டில் உரசி இரையும் கிட்டாருக்கு ஹார்டு ஓரளவு உதவும், ஏனெனில் விறைத்த தந்தி குறைந்த அகலத்தில் அதிரும். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஆறாம் தந்தியின் அடிப்பக்கத்துக்கும் ஃபிரெட்டுக்கும் இடைவெளி சுமார் 4 மி.மீ., முதல் தந்திக்குச் சுமார் 3 மி.மீ. என்பதே கிளாசிக்கல் கிட்டாரின் பொதுவான அளவு. அதைவிட மிக அதிகமாக இருந்து விரல் நோகிறதென்றால், லைட் டென்ஷன் தேடுவதற்கு முன் சாடிலைத் தேய்த்து இறக்கச் சொல்லுங்கள். 4 விழுக்காடு இழுவிசை குறைவதைவிட ஒரு மில்லிமீட்டர் உயரம் குறைவது கைக்குப் பன்மடங்கு ஆறுதல். பிளமென்கோ கிட்டாரில் இந்த இடைவெளி இன்னும் குறைவாக இருப்பதால் அங்கே பலர் ஹார்டையே பூட்டுகிறார்கள்.

நகமும் கணக்கில் வர வேண்டும். மெல்லிய, எளிதில் உடையும் நகமுடையவருக்கு எக்ஸ்ட்ரா ஹார்டு ஒத்துவராது. நகமின்றி விரற்சதையால் மட்டும் வாசிப்பவர்கள் சற்றுத் தடித்த நைலானிலிருந்து நல்ல ஒலியைப் பெறுகிறார்கள். கார்பனின் மெலிவு அவர்களுக்குப் பிடிமானம் தராது. அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப் உள்ள கிட்டாராக இருந்தால் அது சாடிலுக்கு அடியில் இருக்கும் பியெசோ வகைதானா என்று பாருங்கள். துளையின் குறுக்கே பொருத்தும் காந்தப் பிக்கப்பால் நைலானின் அதிர்வை உணர முடியாது.

வாங்குவதும் சோதிப்பதும்

இதுவரை நைலான் தொகுப்புகளை ஒப்பிட்டுப் பார்க்காதவர், பெயர் பெற்ற ஏதேனும் ஒரு நிறுவனத்தின் நார்மல் டென்ஷன், தெளிந்த நைலான், வெள்ளி முலாம் பூசிய கீழ்த் தந்தி கொண்ட தொகுப்பை முதலில் பூட்டி, ஒரு மாதமாவது வாசியுங்கள். டடாரியோ, சவாரெஸ், அகஸ்டின், ஹன்னபாக் ஆகிய எதுவானாலும் சரி. அது உங்களுக்கு அளவுகோலாகும். அடுத்த முறை ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: இழுவிசையை மாற்றினால் பொருளை மாற்ற வேண்டாம், பொருளை மாற்றினால் இழுவிசையை மாற்ற வேண்டாம். இரண்டையும் ஒருசேர மாற்றியவருக்கு எது எதைச் செய்தது என்பது ஒருபோதும் புரியாது. இணையத்தில் வாங்கும்போது சந்தை விலையைவிட மிகக் குறைவாகக் கிடைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். புகழ் பெற்ற தொகுப்புகளுக்குப் போலி உறைகள் உலவுகின்றன.

புதிய நைலான் நீண்டுகொண்டே இருக்கும். மூன்று நான்கு நாட்களாவது அடிக்கடி சுருதி சேர்க்க வேண்டியிருக்கும். அதற்குள் தந்தியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். டிரினிட்டி கிரேடு தேர்வுக்கோ மேடைக்கோ தந்தி மாற்றுபவர் ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுவது பாதுகாப்பு. கார்பன் விரைவில் நிலைக்கும், ஆனால் முடுக்காணியைச் சிறிது திருப்பினாலே சுருதி அதிகம் ஏறும். அது வழவழப்பாகவும் இருப்பதால், பிரிட்ஜில் முடிச்சிடும்போது தன்னைச் சுற்றி மூன்று முறையாவது திருகி, கடைசித் திருகு பிரிட்ஜின் பின்விளிம்புக்குக் கீழே விழும்படி செய்யுங்கள். முடிச்சு நழுவினால் முனை சாட்டைபோல் பலகையில் அடித்துப் பள்ளம் விழுந்துவிடும். கீழ்த் தந்திகளின் ஒரு முனையில் சுற்று சற்றுத் தளர்ந்து நெகிழ்வாக இருப்பதைக் காண்பீர்கள். அந்தத் தளர்ந்த பகுதி நட்டுக்கும் சாடிலுக்கும் இடையே ஒருபோதும் வரக் கூடாது.

தந்தி நிலைத்தபின் ஒவ்வொன்றையும் பன்னிரண்டாம் ஃபிரெட்டின் மேல் லேசாகத் தொட்டு எழும் ஹார்மானிக் ஒலியையும், அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். ஐந்து சென்ட் வரை வேறுபாடு பொறுத்துக்கொள்ளக் கூடியது. ஒரே ஒரு தந்தி மட்டும் பெரிதாக விலகினால் அந்த இழையின் தடிமன் சீராக இல்லை என்று பொருள். வெற்று நைலானாக இருந்தால் கழற்றித் தலைகீழாகப் பூட்டிப் பாருங்கள், சில வேளை சரியாகிவிடும். எல்லாத் தந்திகளும் ஒரே பக்கமாக விலகினால் குறை தந்தியில் இல்லை, சாடிலின் இடத்திலோ உயரத்திலோ இருக்கிறது. அதற்காகத் தந்தி மாற்றிப் பயனில்லை.

மேல் மூன்றும் கீழ் மூன்றும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. தினமும் ஒரு மணி நேரம் வாசிப்பவரின் கீழ்த் தந்திகள் ஒன்றிரண்டு மாதங்களில் மங்கிவிடும். மேல் தந்திகள் அதைப்போல இரண்டு மடங்கு காலம் தாராளமாக உழைக்கும். கீழ்த் தந்திகளிலும் நான்காம் தந்திதான் பெரும்பாலும் முதலில் போகும். அதன் நடுக்கற்றையும் சுற்றுக் கம்பியும் மிக மெல்லியவை. இரண்டாம் ஃபிரெட்டின் மேல் சுற்று அறுந்து இழை தெரிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஆகவே இரண்டு முழுத் தொகுப்புகளுக்குப் பதிலாக ஒரு முழுத் தொகுப்பும், கீழ் மூன்று மட்டும் கொண்ட ஒரு பாதித் தொகுப்பும், தனியாக ஒரு நான்காம் தந்தியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது அவை மூன்றும் ஒரே வரிசையைச் சேர்ந்தவையா என்று உறையில் உள்ள எண்ணைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பூட்டிய தேதியை உறையின் மீதே எழுதிக் கிட்டார் பெட்டிக்குள் போட்டுவைத்தால், அடுத்து எதை, எப்போது வாங்க வேண்டும் என்பதற்கு வேறு குறிப்பு தேவைப்படாது.